கழற்றிப் பூட்ட வரும் துப்பாக்கி: வின்செஸ்டர் 94இல் பழையதும் புதியதும்

வின்செஸ்டர் என்ற பெயரை இங்கே பலர் பள்ளிக்கூட நாள்களிலேயே கேட்டிருப்பீர்கள். லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் சேணத்து உறையிலிருந்து உருவும் நீளத் துப்பாக்கிக்கு அந்தப் பெயர்தான். கென்னத் ஆண்டர்சனைப் படித்தவர்களுக்கு உறவு இன்னும் நெருக்கமானது. சேலம் பக்கத்துக் காடுகளையும் காவிரிக் கரையையும் பற்றி எழுதிய அந்தப் பெங்களூர்க்காரர் கையில் இருந்தது 405 தோட்டாவைச் சுடும் வின்செஸ்டர் 1895. லீவரைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும் வகை அது. அதை வடிவமைத்த ஜான் பிரவுனிங்கின் இன்னொரு படைப்பு, ஓராண்டு முன்னதாக வெளிவந்த வின்செஸ்டர் 1894. பின்னாளில் சுருக்கமாக 94 என்றே அழைக்கப்பட்டது. இன்று நான் பேசப்போவது அந்தத் துப்பாக்கியைப் பற்றி. அமெரிக்காவில் பழைய 94 ஒன்றை வாங்க நினைப்பவர் யாராக இருந்தாலும் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: 1964க்கு முன்பு செய்ததா, பின்பு செய்ததா? நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டைக்கு இடமில்லை. ஆகவே நமக்கு இது வாங்குகிற விஷயமல்ல. ஆனால் ஒரு பொருளைச் செய்யும் முறை ஒரே ஆண்டில் மாறி, அந்த மாற்றத்தின் பலன்கள் அறுபது ஆண்டுகளாக ஊரறியத் தெரிந்து வருவது அபூர்வம். தையல் இயந்திரமோ லேத்தோ வைத்துப் பிழைக்கிற யாருக்கும் இதில் யோசிக்க நிறைய இருக்கிறது.

முதலில் துப்பாக்கியைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். பிரவுனிங் யூட்டா மாநிலத்து ஆக்டன் ஊர்க்காரர். இந்த வடிவத்துக்கான காப்புரிமை 1894 ஆகஸ்ட் 21இல் வழங்கப்பட்டது. செய்தவர்கள் கனெக்டிகட் மாநிலம் நியூ ஹேவன் நகரத்து வின்செஸ்டர் தொழிற்சாலையார். முதலில் 32-40, 38-55 என்ற இரண்டு கரும்மருந்துத் தோட்டாக்களுக்காக வந்தது. மறு ஆண்டே புகையில்லா மருந்து நிரப்பிய 30-30 தோட்டாவுக்கும் வந்தது. புகையில்லா மருந்தின் அழுத்தம் அதிகம் என்பதால் குழலை நிக்கல் கலந்த எஃகில் செய்தார்கள். குழலுக்கு அடியில் இன்னொரு மெல்லிய குழாய். அதில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். ஒரு குண்டின் மூக்கு முன்னால் இருக்கும் தோட்டாவின் அடியில் முட்டுவதால் குண்டுகளுக்கு மழுங்கிய மூக்குதான் வைக்க வேண்டும். லீவரைத் தள்ளும்போது துப்பாக்கியின் அடித்தளமே ஒரு கீல் போலத் திறந்து கீழே இறங்குகிறது. மற்ற லீவர் துப்பாக்கிகளில் இல்லாத அசைவு இது. அந்த இறக்கத்தால்தான் சின்ன உடலுக்குள் நீளமான தோட்டா திரும்ப இடம் கிடைத்தது. குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட் பின்னால் போய், சுட்ட கூட்டை நேராக மேலே எறிந்து, குதிரை என்ற அடிசுத்தியலைப் பின்னால் சாய்த்து நிறுத்துகிறது. லிஃப்டர் என்ற ஏந்துதட்டு புதுத் தோட்டாவைக் குழலின் வாய்க்கு நேரே தூக்குகிறது. லீவர் மேலே வரும்போது தடித்த எஃகுத் தாழ்ப்பாள் ஒன்று போல்ட்டின் முதுகுக்குப் பின்னால் செங்குத்தாக ஏறி அடைக்கிறது. குழலின் நீளம் பெரும்பாலும் 20 அங்குலம், மொத்த எடை ஏறத்தாழ ஆறரை பவுண்டு. ஒரு கையில் நடுவில் பிடித்துக்கொண்டு நாள் முழுக்கக் காட்டில் நடக்கலாம்.

இந்தத் துப்பாக்கிக்குக் கிடைத்த வரவேற்பை எண்களே சொல்லும். 1927இல் பத்து லட்சமாவது துப்பாக்கி அதிபர் கூலிட்ஜுக்கும், 1948இல் பதினைந்து லட்சமாவது ட்ரூமனுக்கும், 1953இல் இருபது லட்சமாவது ஐசனோவருக்கும் பரிசாகப் போயின. முதல் உலகப் போரின்போது விமானம் செய்யத் தேவைப்பட்ட ஸ்ப்ரூஸ் மரங்களை வடமேற்குக் காடுகளில் காக்க அமெரிக்க ராணுவம் 1,800 துப்பாக்கிகளை வாங்கிக் கொடுத்தது. இரண்டாம் உலகப் போரில் கனடாவின் பசிபிக் கரையைக் காத்த ஊர்க்காவல் படையினரும் இதைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் நடந்தார்கள். போர்க்களத்துக்கென்று செய்யப்படாத துப்பாக்கி, மழையிலும் சேற்றிலும் யாரும் அருகில் இல்லாத இடங்களிலும் இருப்பவர்களுக்குத் தரப்பட்டது என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட இடத்தில் பட்டறை கிடையாது. பழுதானால் ஒரு திருப்புளியை வைத்துக்கொண்டு தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

1963 வரை 94 செய்யப்பட்ட முறை பழைய உலோகப் பட்டறைகளின் முறை. சிவக்கக் காய்ச்சி அச்சில் அடித்து உருவாக்கிய எஃகுத் துண்டு வரும். அதை மில்லிங் இயந்திரத்தில் வைத்துப் பல கட்டங்களாகக் குடைந்தெடுப்பார்கள். ரிசீவர் என்று அவர்கள் சொல்லும் நடு உடல், அதற்குள் அசையும் போல்ட், லிஃப்டர் எல்லாமே இப்படித்தான். குடையும்போது தொடக்கத்தில் இருந்த எஃகில் பெரும்பகுதி சீவலாகத் தரையில் விழும். கடைசியில் ஃபிட்டர் ஒருவர் அரத்தால் இழைத்து ஒன்றோடொன்று பொருத்துவார். இதற்கு நேரம் வேண்டும், கைத்தேர்ச்சி உள்ள ஆள் வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்த இரண்டுமே விலை ஏறிக்கொண்டிருந்தன. 1931 முதல் வின்செஸ்டரைத் தன் கையில் வைத்திருந்த ஒலின் குடும்பத்து நிறுவனம் செலவைக் குறைக்க வேண்டிய நெருக்கடியில் இருந்தது. நான் அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வரவில்லை. அந்த நெருக்கடி உண்மையானது. பழைய முறையிலேயே போயிருந்தால் சாதாரண வேட்டைக்காரர் வாங்கும் விலையில் 94ஐ விற்றிருக்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எதில் சிக்கனம் பிடித்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

1964இல் வரிசை எண் 27,00,000இலிருந்து புதிய முறை தொடங்கியது. ரிசீவருக்குப் பழைய எஃகுக்குப் பதில் வேறொரு உலோகக் கலவை வந்தது. முன்பு திட எஃகில் குடைந்த லிஃப்டரைத் தகட்டில் அழுத்தி வளைத்து எடுத்தார்கள். திட ஆணியும் திருகாணியும் இருந்த சில இடங்களில் தகட்டைச் சுருட்டிச் செய்த பொள்ளல் ஆணிகளை அடித்து இறக்கினார்கள். வெளியே நின்று பார்ப்பவருக்கு அதே துப்பாக்கிதான். கையில் எடுத்தவர்கள் உடனே கண்டுகொண்டார்கள். கண்டுகொண்டவர்கள் அன்று முதல் இன்றுவரை சொல்லும் புகார் பெரும்பாலும் இரண்டே: லீவரின் ஓட்டத்தில் பழைய வழவழப்பு இல்லை, பார்வைக்கு மலிவாகத் தெரிகிறது. இந்த இரண்டு புகார்களையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வழவழப்பு பயன்பாட்டில் வரும். ஐயாயிரம் முறை இழுத்துத் தள்ளப்பட்ட எந்த லீவரும் இலகுவாகிவிடும். அழகு அவரவர் கண்ணைப் பொறுத்தது. 1964ஐ ஒரு கோடாக வைக்க இவற்றைவிட உறுதியான காரணம் வேண்டும். அந்தக் காரணம் துப்பாக்கி புதிதாக இருக்கும்போது வெளியே தெரியாது. பத்து இருபது ஆண்டு கழித்து அதைத் திருத்த உட்காரும்போதுதான் தெரியும். பழைய 94 திருத்தி எடுப்பதற்கு இடம் கொடுக்கும் பொருளாகச் செய்யப்பட்டது. 1964இல் வந்த மாற்றங்கள் ஒவ்வொன்றும் அந்த இடத்தை அடைத்தன. என் வாதம் இவ்வளவுதான். இனி சான்றுகளைப் பார்ப்போம்.

ரிசீவரின் நிறத்திலிருந்து தொடங்குகிறேன். எஃகுத் துப்பாக்கிக்கு நீலம் கலந்த அந்தக் கறுப்பு நிறம் பெயின்ட்டால் வருவதல்ல. நன்றாகத் தேய்த்து மெருகேற்றிய எஃகைக் கொதிக்கும் காரக் கரைசலில் முக்கினால் அதன் மேற்பரப்பே கறுத்த ஆக்சைடாக மாறும். துருவைத் தடுப்பதில் அதற்கும் பங்கு உண்டு. மழையில் நனைந்து, கை வியர்வை பட்டு, அந்த நிறம் தேய்வது இயல்பு. பழைய ரிசீவராக இருந்தால் துப்பாக்கித் தச்சர் துருவை நீக்கி, மறுபடி மெருகேற்றி, மறுபடி கரைசலில் முக்கி எடுப்பார். எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்யலாம். 1964க்குப் பின் வந்த ரிசீவரின் கலவை இந்தக் கரைசலுக்கு இணங்கவில்லை. அதனால் ஒரு கட்டத்தில் தொழிற்சாலையிலேயே அதன்மேல் மெல்லிய இரும்பு முலாம் பூசி, முலாமுக்குத்தான் நிறமேற்றினார்கள். முலாம் தேய்ந்தாலோ, தச்சர் மெருகேற்றுவதற்காகத் தேய்த்தாலோ, உள்ளிருக்கும் கலவை வெளியே வந்துவிடும். அதைக் கரைசலில் முக்கினால் கத்திரிப்பூ நிறத்தில் திட்டுத்திட்டாக வரும், அல்லது நிறமே பிடிக்காது. இன்றும் பழைய துப்பாக்கிகள் வரிசையாக அடுக்கப்பட்ட இடத்தில் குழல் ஒரு நிறமும் நடு உடல் செம்மை ஓடிய வேறு நிறமுமாக நிற்கும் 94களைப் பார்த்தவுடன் அடையாளம் சொல்லிவிடலாம். தேய்ந்த பொருளைத் தேயுமுன் இருந்த நிலைக்குக் கொண்டுவரும் வழியை உலோகத்திலேயே அடைத்துவிட்டார்கள். இது அழகைப் பற்றிய புகார் என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன்.

அடுத்தது ஆணிகள். திருகாணியின் குணம் என்ன? உள்ளே போன வழியே வெளியே வரும். சரியான அகலமுள்ள திருப்புளி இருந்தால் போதும், நூறு முறை கழற்றலாம். பொள்ளல் ஆணி அப்படியல்ல. அது தன் துளையைவிடச் சற்றுப் பருமனாக இருந்து, அடித்து இறக்கும்போது நசுங்கி, தன் விறைப்பால் துளையைக் கவ்விக்கொண்டிருக்கும். ஆலையில் ஒரே அடியில் பூட்டிவிடலாம் என்பது அதன் பெருமை. வெளியே எடுக்கச் சரியான அளவு துளைஊசியும் சுத்தியலும் வேண்டும். ஊசி சற்றுச் சிறிதானால் ஆணியின் உதடு மடங்கும். ஒவ்வொரு முறை அடித்தெடுக்கும்போதும் கவ்வும் பலம் குறையும். லிஃப்டரின் கதையும் இதே வகைதான். குடைந்தெடுத்த லிஃப்டரின் விளிம்பு தேய்ந்தால் அரத்தால் சரிசெய்யலாம், உலோகம் வைத்துப் பற்றவைத்து மறுபடி இழைக்கலாம். அதில் எடுத்துக்கொடுக்கக் கனம் இருக்கிறது. தகட்டில் அழுத்திய லிஃப்டர் வளைந்தால் தட்டி நிமிர்த்தலாம், மறுபடி வளையும், பிறகு தூக்கிப் போட வேண்டியதுதான். தோட்டாவைச் சரியாக ஏந்தாமல் சிக்கவிடுகிறது என்ற முறையீடுகள் எழுந்தன. நிறுவனமும் அவற்றைக் காதில் வாங்கி, பின்னர் லிஃப்டரைத் திருந்திய வடிவில் செய்தது. செய்தவர்களே மாற்றிக்கொண்டார்கள் என்பதால், இந்தக் குறை பழைமைப் பற்றாளர்களின் கற்பனை என்று ஒதுக்க முடியாது.

இதற்கு வரும் முதல் மறுப்பு பலமானது. 1964க்குப் பின் வந்தவையும் குறி தவறாமல் சுடுகின்றன, மானும் விழுகிறது, வேறென்ன வேண்டும் என்கிறார்கள். சுடுவதில் பெரிய வேறுபாடு இல்லை என்பது உண்மை. 30-30 தோட்டா பயன்படும் தூரமோ நூறு, நூற்றைம்பது கஜம். அந்தத் தூரத்தில் இரண்டு காலத் துப்பாக்கிகளும் ஒன்றுதான். விற்பனையைக் காட்டி வாதாடுபவர்களும் உண்டு. 1963 வரை எழுபது ஆண்டுகளில் ஏறத்தாழ 27 லட்சம். நியூ ஹேவன் தொழிற்சாலை 2006இல் மூடப்படும்போது மொத்தம் 70 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அப்படியானால் குறைசொல்லப்பட்ட காலத்தில்தான் அதிகம் விற்றது. இந்தக் கணக்கும் சரியானதே. ஆனால் அந்தப் பிற்காலக் கூட்டத்துக்குள் எவை இருக்கின்றன என்று பாருங்கள். 1964 முதல் வயோமிங் மாநில விழா, கனடா நூற்றாண்டு, பஃபலோ பில், ஜான் வெய்ன் என்று நினைவுப் பதிப்புகள் வரிசையாக வந்தன. தங்கமுலாம் பூசி, பதக்கம் பதித்து, பெட்டியோடு விற்ற அவற்றில் பல ஒரு தோட்டாவைக்கூடச் சுடாமல் அலமாரியில் இருந்தன. சுடாத துப்பாக்கிக்குப் பழுதும் வராது, திருத்தவும் வேண்டாம். விற்ற எண்ணிக்கையை வைத்து உழைப்புக்குச் சான்றிதழ் கொடுக்க முடியாது. சுடும் திறமும் அப்படித்தான். புதிதாக இருக்கும்போது எல்லாம் சுடும். என் அளவுகோல் முப்பதாவது ஆண்டில் தொடங்குகிறது.

இரண்டாவது மறுப்பை நான் பாதி ஏற்றுக்கொள்கிறேன். 1964 என்ற ஒரே கோட்டை வைத்துக்கொண்டு அதற்குப் பிந்திய நாற்பத்திரண்டு ஆண்டுகளையும் ஒரே கூடையில் போடுவது அநியாயம் என்கிறார்கள். உண்மைதான். லிஃப்டர் திருந்தியதைச் சொன்னேன். 1981இல் ஒலின் நிறுவனம் துப்பாக்கித் தொழிலிலிருந்து விலகிக்கொள்ள, யு.எஸ். ரிப்பீட்டிங் ஆர்ம்ஸ் என்ற புதுப் பெயரில் தொழிற்சாலை தொடர்ந்தது. அந்த எண்பதுகளின் தொடக்கத்தில் ரிசீவர் மறுபடி வழக்கமான எஃகுக்குத் திரும்பியது. நிறமேற்றும் தச்சர்களுக்கு மறுபடி வேலை நடந்தது. ஏறக்குறைய அதே நேரத்தில் சுட்ட கூடு நேரே மேலே பறக்காமல் வலப்பக்கம் சாய்வாகப் போகும்படி ரிசீவரின் வாயை மாற்றினார்கள். காரணம் தொலைநோக்கி. பழைய 94இல் தலைக்கு மேலே நேராகக் கூடு பறப்பதால் ரிசீவரின் மேல் தொலைநோக்கியைப் பொருத்த வழியில்லை. போட்டி நிறுவனமான மார்லின் 1948இல் கொண்டுவந்த 336இன் மேல்பக்கம் மூடியது, கூடு பக்கவாட்டில் போகும். கண் மங்கத் தொடங்கிய வேட்டைக்காரர்கள் அந்தப் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை. தொலைநோக்கி இல்லாமல் சுட முடியாது என்ற நிலையில் இருப்பவருக்குப் பழைய 94ஐப் பரிந்துரைப்பது தவறு. பழைய ரிசீவரில் புதுத் துளைகள் போட்டுப் பக்கவாட்டில் தொலைநோக்கியை மாட்டியவர்கள் நல்ல துப்பாக்கியையும் கெடுத்தார்கள், பார்வையும் கோணலாயிற்று. தொலைநோக்கி தேவைப்படுபவருக்கு எண்பதுகளின் சாய்வாய்த் துப்பாக்கிதான் ஏற்றது. இதனால் என் வாதம் உடையவில்லை, கூர்மையாகிறது. ஆண்டை வைத்துப் பார்த்தால் எண்பதுகள் ‘பிந்தியவை’. திருத்த வருமா என்று பார்த்தால் அவை மறுபடி நல்ல பக்கம் வந்துவிட்டவை. கோடு 1964இல் தொடங்குகிறது, ஆனால் அது முடிவில்லாமல் நீளவில்லை. பதினெட்டு ஆண்டு அகலமுள்ள ஒரு பட்டை அது.

மூன்றாவது மறுப்பு உயிர் சம்பந்தப்பட்டது. அதை அவசரமாகத் தாண்டக் கூடாது. பழைய 94இல் தனியாகப் பாதுகாப்புத் தாழ் கிடையாது. குதிரையை முழுதாகப் பின்னால் இழுத்தால் சுடத் தயார். பாதி இழுத்த நிலையில் ஒரு வெட்டில் அது மாட்டி நிற்கும். அதுதான் பாதுகாப்பு நிலை. லீவரைக் கையால் முழுதாக இறுக்கினாலொழிய விசை அசையாதபடி ஒரு தடையும் உண்டு. ஆனால் சுடாமல் முடிவெடுத்தவர், தோட்டா குழலுக்குள் இருக்கும்போதே, கட்டை விரலால் குதிரையைப் பிடித்துக்கொண்டு விசையை அழுத்தி, மெல்ல இறக்கி, பாதி வெட்டில் நிறுத்த வேண்டும். குளிரில் விறைத்த விரல், ஈரக் கையுறை, வழுக்கும் குதிரை. அந்த ஒரு கணத்தில் விபத்து நடக்கலாம், நடந்தும் இருக்கிறது. தோட்டாக்களை வெளியே எடுக்கவும் ஒவ்வொன்றாக லீவரால் குழலுக்குள் ஏற்றித்தான் வெளியேற்ற வேண்டும். 1992இல் ரிசீவரில் குறுக்குப் பொத்தானும், 2003இல் கட்டைவிரல் படும் இடத்தில் நகரும் தாழும் வந்தன. பொத்தானைப் பார்த்து முகம் சுளிக்கும் பழைமைப் பற்றாளர்களோடு நான் சேரமாட்டேன். தாழைப் போட்டுவிட்டுத் தோட்டாக்களை வெளியேற்ற முடிவது மெய்யான லாபம். புதிதாகத் துப்பாக்கி பிடிக்கும் ஒருவருக்கு, பலர் எடுத்துப் புழங்கும் வீட்டுக்கு, தாழ் உள்ள 94 சரியான தேர்வு என்றே சொல்வேன். அதற்குக் கொடுக்கும் விலையையும் சொல்லிவிட வேண்டும். தாழுள்ள 94களின் உள்ளே புதுச் சுருள்வில்லும், அடித்தபின் தானே பின்வாங்கும் குதிரையும், கூடுதல் உறுப்புகளும் இருந்தன. விசையின் இழுப்பு கனத்தது. பழைய குதிரையை மூன்று உறுப்புகளில் புரிந்துகொண்டவர் இதைப் பிரித்தால் முதல்முறை திகைப்பார்.

இதுவரை பழையதின் பக்கம் பேசியதால், அதன் குறைகளை மறைத்ததாக யாரும் நினைக்கக் கூடாது. 1920களின் இறுதிவரை அமெரிக்கத் தோட்டாக்களின் அடியில் இருந்த பற்றுமருந்து குழலுக்குள் உப்பை விட்டுச் செல்லும் வகை. சுட்ட அன்றே நீரூற்றிக் கழுவாவிட்டால் ஈரத்தை இழுத்துக் குழலின் உட்சுவரை அரித்துவிடும். வெளியே நிறம் மங்காமல் பளபளக்கும் 1910ஆம் ஆண்டுத் துப்பாக்கியின் குழலுக்குள் வெளிச்சம் காட்டிப் பார்த்தால் அம்மைத் தழும்பு போலப் பள்ளங்கள் இருக்கும். வெளியே எத்தனை திருத்தினாலும் அந்தக் குழல் திரும்பாது. திருத்த வருமா என்பதே அளவுகோல் என்று சொன்னேன். அந்த அளவுகோலால் பழையதும் தோற்கும் இடம் இது. தவிர, பழையது என்றால் பல கைகள் பட்டது. பொருந்தாத திருப்புளியால் வாய் சிதைந்த திருகாணிகள், அறுத்துக் குட்டையாக்கிய கட்டை, மணல் காகிதத்தால் தேய்த்து மழுக்கிய எழுத்துகள். இவற்றையெல்லாம் கணக்கில் எடுத்து, சுட்டுப் பயன்படுத்தப்போகும் ஒருவருக்காக நான் தேர்ந்தெடுக்கும் காலம் 1946க்கும் 1963க்கும் இடைப்பட்டது. அரிக்காத பற்றுமருந்துத் தோட்டாக்கள் வழக்கத்துக்கு வந்துவிட்டன. செய்முறை பழையதாகவே இருந்தது. எண்ணிக்கையும் அதிகம் என்பதால் அருங்காட்சியகப் பொருளின் விலையைக் கொடுக்க வேண்டியதில்லை. 1900க்கு முந்திய துப்பாக்கியைத் தேடி ஓடுகிறவர்கள் வரலாற்றை வாங்குகிறார்கள். அது வேறொரு விருப்பம், அதற்கு நான் மறுப்புச் சொல்லமாட்டேன்.

கடைசியாக, இன்றைய துப்பாக்கி. 2006இல் நியூ ஹேவன் மூடிய பிறகு சில ஆண்டுகள் 94 செய்யப்படவே இல்லை. 2010இல் மறுபடி வந்தது. இந்தத் தடவை செய்தவர்கள் ஜப்பானில் கோச்சி மாநிலத்து மிரோகு நிறுவனத்தார். கணினி வழிநடத்தும் இயந்திரங்கள் உலோகத்தைக் குடைகின்றன. அன்று ஃபிட்டரின் அரம் செய்த வேலையை இன்று இயந்திரத்தின் துல்லியம் செய்கிறது, அதுவும் நன்றாகவே செய்கிறது. கட்டையும் எஃகும் சேரும் கோட்டில் நகம் நுழையாது. எனவே பழைய கைவேலையின் புகழ் இனி செல்லாக்காசு என்பது நான்காவது மறுப்பு. இதற்கு மார்லினின் கதையை வைத்துப் பதில் சொல்கிறேன். 2007இல் மார்லின் ரெமிங்டன் கைக்கு மாறியது. நார்த் ஹேவனில் இருந்த பழைய தொழிற்சாலையை மூடி, வேலையை நியூயார்க் மாநிலத்து இலியனுக்குக் கொண்டுபோனார்கள். பெயர் அதே, வடிவம் அதே. ஆனால் அந்தத் தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் கட்டைக்கும் எஃகுக்கும் நடுவே இடைவெளி, நேராக நிற்காத குறிமுனை என்று வாங்கியவர்களின் முறையீடு ஊரெல்லாம் பரவியது. எந்த உறுப்பு எங்கே எவ்வளவு இழைக்கப்பட வேண்டும் என்ற அறிவு பழைய ஆட்களின் விரல்களில் இருந்தது, அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். 2020இல் ரூகர் நிறுவனம் மார்லினை வாங்கி, வட கரோலினாவில் முறைகளைப் புதிதாக அமைத்து, 2021 இறுதியில் மறுபடி வெளியிட்டபோது தரம் மீண்டது. மிரோகு நிறுவனத்தார் லீவர் துப்பாக்கிக்குப் புதிதாக வந்தவர்கள் அல்லர். பிரவுனிங்கின் 1892 வடிவத்தை 1979 முதலே செய்து பழகியவர்கள். இயந்திரம் வந்ததால் தரம் வந்துவிடவில்லை. இயந்திரத்துக்கு எதைச் சொல்ல வேண்டும் என்று அறிந்தவர்கள் இருந்ததால் வந்தது. அந்த வகையில் ஜப்பானியத் துப்பாக்கி பழைய நியூ ஹேவனின் உறவுதான், 1964இன் உறவு அல்ல. பணம் இருந்து, பழைய பொருளைத் தேடி அலையப் பொறுமையில்லாதவர் அதை வாங்கினால் நான் குறைகாணமாட்டேன். பழைய துப்பாக்கியின் உறுப்புகள் இதற்குப் பொருந்தும் என்று மட்டும் நினைத்துக்கொள்ளக் கூடாது.

இனி ஒரு துப்பாக்கி கைக்கு வரும்போது எதைப் பார்ப்பது? வரிசை எண் 27 லட்சத்துக்குக் கீழா மேலா என்பதை இரண்டாவதாகப் பாருங்கள். முதலில், தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு லீவரை முழுதாகத் திறந்து, துப்பாக்கியைக் கவிழ்த்து, அடித்தளம் இறங்கிய வாய்வழியே லிஃப்டரை விரலால் தொட்டுப் பாருங்கள். கனமான எஃகா, மடித்த தகடா என்பது விரலுக்கே தெரியும். திறந்த நிலையில் லீவர் தொளதொளவென்று ஆடும். புதிதாகப் பார்ப்பவர்கள் தேய்ந்துபோனது என்று பயந்து திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். எல்லாக் காலத்து 94க்கும் அந்த ஆட்டம் பிறவிக்குணம். மூடிய பிறகும் ஆடினால்தான் கவலைப்பட வேண்டும். தாழ்ப்பாளுக்கும் போல்ட்டுக்கும் இடையே தேய்மானம் உண்டா என்று தச்சர் அளவுகோல் வைத்துச் சொல்லட்டும். பாதி வெட்டில் குதிரையை நிறுத்தி, விசையை அழுத்தினால் நழுவுகிறதா என்று பாருங்கள். நழுவினால் என்ன விலைக்கும் வேண்டாம். திருகாணிகளின் வாய்களைப் பாருங்கள், அதன் முந்திய சொந்தக்காரர் எப்படிப்பட்டவர் என்று அவை சொல்லிவிடும். குழலுக்குள் வெளிச்சம் விடுங்கள். பிறகு அறைக்கு வெளியே வெயிலுக்குக் கொண்டுவந்து, குழலின் கறுப்பையும் ரிசீவரின் கறுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே கறுப்பாக இருந்தால் விலை பேசத் தொடங்கலாம். ரிசீவரில் கத்திரிப்பூ நிறம் ஓடினால், வரிசை எண்ணைப் பார்க்கும் வேலையும் மிச்சம்.